ஆறு பேர், மூன்று சாயங்காலம், ஆசியச் சாப்பாடு: எங்கே போகலாம்?

பித்தளைத்தவலை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பமாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறோம். மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு வெளியில்தான். தங்கப்போகிற இடத்தைச் சுற்றிச் சீனம், தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஜப்பான் என்று வரிசையாக ஓட்டல்கள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் அம்மை போட்ட முதுகு மாதிரி சிவப்புப் புள்ளிகள். எதைத் தொட்டாலும் நாலரை நட்சத்திரம்.

கடை பேர் கேட்டு நான் வரவில்லை. நீங்கள் பேர் சொல்லி நான் போய்ச் சேர்வதற்குள் சமையல்காரர் மாறியிருப்பார். எங்கள் கூட்டத்துக்கு எந்த நாட்டுச் சாப்பாடு ஒத்துவரும், நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, உட்கார்ந்ததும் என்ன கேட்க வேண்டும், இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். மாமியார் சுத்த சைவம். முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் தொடமாட்டார். மாமனார் கோழியும் மீனும் சாப்பிடுவார், மாடும் பன்றியும் வேண்டாம். காரம் இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று தட்டைத் தள்ளிவிடுவார். வீட்டுக்காரருக்கு இறால், நண்டு ஆகாது. பிடிக்காது என்பதில்லை, உடம்புக்கே ஆகாது. ஒரு தடவை உதடு வீங்கி, மூச்சு இழுத்து, நடுராத்திரியில் ஓடியிருக்கிறோம். மகளுக்குப் பதினைந்து வயது, கொரியத் தொடர்களிலேயே குடியிருக்கிறாள். மகனுக்கு ஆறு. வெள்ளையாக இருந்தால்தான் வாயைத் திறப்பான். நான் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறவள்.

ரெட்டைத்தட்டு:

இதற்கா இவ்வளவு யோசனை? எல்லா நாட்டுச் சாப்பாட்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கிற பெரிய பஃபே ஏதாவது ஒன்று இருக்கும். ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சண்டை வராது.

ஓரமேசை:

ரெட்டைத்தட்டு சொன்னதை நானும் முதல் இரண்டு வருடம் செய்தவன்தான். சண்டை வராது, வாஸ்தவம். ஆனால் அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. பஃபே பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இறால் தட்டில் இருக்கிற கரண்டி காய்கறித் தட்டுக்கு வரும், அங்கே இருந்தது நூடுல்ஸுக்குப் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை போகிற போக்கு அப்படி.

நான் எப்படி இதில் தேறினேன் என்று சொல்கிறேன். என் மனைவி சைவம், நான் எல்லாம் தின்கிறவன். கல்யாணமான புதிதில் ஒரு தாய்லாந்து ஓட்டலில் பப்பாளிக்காய் சாலட் சொன்னோம். "காய்கறி மட்டும்தானே?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார் பரிமாறிய பெண். வந்தது. சீவிய பச்சைப் பப்பாளி, பயத்தங்காய், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை. அவள் பாதி சாப்பிட்டாயிற்று. அப்புறம் முள்கரண்டியில் ஒரு பப்பாளித் துண்டோடு ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. நகக்கண் அளவுதான். வளைந்திருந்தது. திருப்பினால் கடுகு மாதிரி இரண்டு கறுப்புக் கண். சென்னாகுன்னி. அவள் ஒன்றும் பேசவில்லை, தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள். அன்று ராத்திரி முழுக்க நான்தான் பேசினேன்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது காய்கறிதான். அந்த சாலட்டில் காய்ந்த இறாலும் மீன் சாஸும், நமக்கு உப்பும் பெருங்காயமும் மாதிரி. சமையலில் இருக்கிறதா என்று கேட்டால்தான் ஞாபகத்துக்கு வரும். அன்றிலிருந்து நான் "காய்கறியா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். எதில் வேகவைக்கிறீர்கள், எதை ஊற்றுகிறீர்கள், விழுது எதில் அரைத்தது, இந்த மூன்றும்தான் கேள்வி.

அப்படிக் கேட்டால் ஒவ்வொரு நாடும் வேறு முகம் காட்டும். தாய்லாந்தின் பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு விழுதுகளில் பெரும்பாலும் இறால் விழுது சேர்ந்தே அரைபடும். மேலே காய்கறி மட்டும் போட்டாலும் அடியில் அது இருக்கும். உங்கள் மாமியாருக்கும் ஆகாது, வீட்டுக்காரருக்கும் ஆகாது. ஒரே கிண்ணத்தில் இரண்டு பேருக்கு வம்பு. வியட்நாமில் மீன் சாஸ் இல்லாத மேசை அபூர்வம். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் மாட்டெலும்பிலோ கோழியிலோ மணிக்கணக்கில் கொதிப்பது. கோழி ஃபோ உங்கள் மாமனாருக்கு நன்றாக இருக்கும். அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் எல்லாம் போட்டிருப்பதால் முதல் வாயிலேயே பழகிய வாசனை வந்துவிடும். ஜப்பானில் எந்தச் சூப்பைத் தொட்டாலும் அடியில் காய்ந்த சூரை மீன் சீவல் போட்ட தண்ணீர். சோயா விழுது கரைத்த மிசோ சூப்பும் அப்படித்தான். ராமென் நூடுல்ஸ் சூப் என்றால் பெரும்பாலும் பன்றி எலும்பு வேறு. உங்கள் கூட்டத்தோடு ஜப்பானிய ஓட்டல் வேண்டவே வேண்டாம்.

காலையில் வண்டியில் தள்ளிக்கொண்டு வரும் கான்டனீய திம்சம், தென்சீனத்தில் கூடையில் வேகவைக்கிற சின்னச் சின்னப் பலகாரம், எனக்கு உயிர். ஆனால் பாதிக் கூடையில் இறால், மீதிப் பாதியில் பன்றி. உங்களுக்கு வேண்டாம்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் மாமியார்தான் கஷ்டமான ஆள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அவருக்கென்றே ஒரு சமையல் மரபு இருக்கிறது. சீன பௌத்த மடங்களின் சைவச் சமையலில் மாமிசம், மீன் இல்லாததோடு வெங்காயம், பூண்டு வகைகளும் விலக்கு. மனசைக் கிளறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. தாய்லாந்தில் 'ஜே' என்கிற சாப்பாடும் அப்படியே, முட்டை பாலும்கூடக் கிடையாது. ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து நம் கண்ணுக்கு 17 என்று போட்டதுபோல் இருக்கும், அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமியக் கடை என்றால் பலகையில் 'சாய்' என்ற சொல்லைத் தேடுங்கள், சைவம் என்று அர்த்தம். அங்கே பலபேர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும், சைவம் சாப்பிடுவார்கள். பெரிய நகரம் என்றால் இந்த மூன்றில் ஒன்றாவது அநேகமாக இருக்கும். முதல் நாள் அங்கே போங்கள். மாமியாருக்கு அன்று அதிகம் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. முட்டை மட்டும் சில கடைகளில் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மாமனாருக்கு. பலகையில் 'ஆசிய உணவகம்' என்று போட்ட கடையைத் தாண்டிப் போங்கள் (நாமும் ஆசியாதான், ஆனால் அந்தப் பலகை நம்மைச் சொல்வதில்லை). ஒரே மெனுவில் சுஷி, பாட் தாய், கிரேவி சிக்கன் மூன்றும் இருந்தால் மூன்றுமே சுமாராகத்தான் இருக்கும். நாட்டின் பேர்கூடப் போதாது, மாகாணத்தின் பேரோ ஊரின் பேரோ போட்ட கடைதான் என் கணக்கில் முதலில். அவருக்குச் சிச்சுவான் கடை, காரத்துக்குப் பேர்போன சீன மாகாணம் அது. மிளகாய் நமக்குப் புதிதில்லை, ஆனால் அங்கே அதோடு இன்னொன்று வரும். சிச்சுவான் மிளகு என்பார்கள், மிளகு இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். ஒன்றைக் கடித்தால் நாக்கு நுனியில் சின்னதாக மின்சாரம் ஓடும், அப்புறம் மரத்துப்போகும். அந்த மரத்துப்போன நாக்கில் மிளகாய்க் காரம் வேறு மாதிரி ஏறும். மலைபோல் வறுத்த மிளகாய்க்குள் கோழித் துண்டைத் தேடித் தின்கிற ஒரு வறுவல் உண்டு, அதைச் சொல்லுங்கள். மிளகாயைச் சாப்பிட வேண்டியதில்லை என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். என் நண்பர் ஒருவர் கௌரவத்துக்காக நாலு மிளகாய் தின்றுவிட்டு மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அங்கே ஒரு கத்தரிக்காய் வரும், பேர் 'மீன் மணக் கத்தரிக்காய்'. அதில் மீனே கிடையாது. மீன் சமைக்கப் போடுகிற இஞ்சி, பூண்டு, ஊறுகாய் மிளகாய் இதில் போடுவதால் அந்தப் பேர். காய்கறி என்று சொன்னதில் இறால் இருந்தது, மீன் என்று சொன்னதில் மீன் இல்லை! ஆனால் பன்றிக் கொத்துக்கறி சிலர் தூவுவார்கள், கேளுங்கள். பூண்டு இருப்பதால் மாமியாருக்கு ஆகாது. அவருக்கு அன்று வெறும் கீரையை இஞ்சி மட்டும் போட்டு வதக்கித் தரச் சொல்லுங்கள், சாதாரணமாகச் செய்து தருவார்கள். கீரைமேல் சிப்பி சாஸ் ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் கொரியா, மகளுக்காக. அதை அடுத்த பதிலில் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

இரும்புச்சட்டி:

ஓரமேசை அண்ணா சொன்னதில் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும். நான் மூன்று வருடம் ஒரு சீன ஓட்டல் அடுப்படியில் நின்றவள்.

அலர்ஜியைப் பற்றி. "இறால் போடாதீர்கள்" என்று சொன்னால் அடுப்படிக்கு எப்படிப் போய்ச் சேரும் தெரியுமா? துண்டுச் சீட்டில் "இறால் வேண்டாம்" என்று மட்டும் வரும். நாங்கள் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டு, இப்போதுதான் இறால் வதக்கிய அதே சட்டியைத் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு உங்கள் நூடுல்ஸைப் போடுவோம். கூட்ட நேரத்தில் ஒரு சட்டிக்குக் கிடைப்பதே சில விநாடி. பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். அதனால் "சாப்பிட்டால் மூச்சு நிற்கும், வேறு சட்டி, வேறு எண்ணெய்" என்று அந்த மொழியிலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அதைப் பரிமாறுபவர் கையில் கொடுத்து, அடுப்படியில் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அட்டை உள்ளே வந்தால் சமையல்காரர் கட்டாயம் நிமிர்ந்து பார்ப்பார். முடியாது என்று சொன்னால் கோபப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். மருத்துவர் கொடுத்த மருந்து எதுவோ அது வீட்டுக்காரர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், அறையில் வேண்டாம்.

இன்னொன்று, சாயங்காலம் கடை திறந்த முதல் அரைமணிக்குள் போங்கள். எட்டு மணிக்குப் போய் ஆறு கேள்வி கேட்டால் யாருக்கும் காது கேட்காது. ஆறு மணிக்குப் போனால் சமையல்காரரே வெளியே வந்து பேசுவார்.

ஜப்பான் வேண்டவே வேண்டாம் என்று அண்ணா அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். அங்கேயும் மடத்துச் சமையல் உண்டு, ஷோஜின் என்று பேர். மீனுக்குப் பதில் கடற்பாசியிலும் காளானிலும் சூப்புக்குத் தண்ணீர் இறக்குவார்கள். ஆனால் தேடிப்போக வேண்டும், முன்பதிவு வேண்டும், ஆறு வயதுப் பையன் அங்கே உட்காரமாட்டான். ஆக, முடிவு அண்ணா சொன்னதுதான்.

உங்கள் பையனுக்கு, கையால் நூடுல்ஸ் இழுப்பது கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற கடை இருக்கிறதா பாருங்கள். ஒரு மாவுக் கட்டி இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, நூலாகிறதை அவன் வாயைத் திறந்து பார்ப்பான். திறந்த வாயில் நீங்கள் ஊட்டிவிடலாம்.

பித்தளைத்தவலை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அட்டை விஷயம் யாருமே சொன்னதில்லை. மாமனார் ஒன்று கேட்கச் சொல்கிறார்: இந்தக் கடைகளில் எல்லாம் அஜினமோட்டோ போடுவார்களாமே, தலைவலி வருமாமே?

இரும்புச்சட்டி:

போடுவார்கள். நாங்களும் போட்டோம். 1908இல் ஜப்பானில் கிகுனாயே இகெடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் இயற்கையாக இருக்கிறது. தலைவலிப் பேச்சு 1968இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில் தொடங்கியது. கடிதம்தான், ஆராய்ச்சி இல்லை. அப்புறம் யாருக்கு எது கொடுத்தோம் என்று இரண்டு பக்கமும் தெரியாமல் சோதித்துப் பார்த்ததில், சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவுக்கு அப்படி நிலையாக ஒன்றும் வரவில்லை. மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் பயப்பட வேண்டியது சோயா சாஸ் உப்புக்கு.

ஓரமேசை:

விட்ட இடத்திலிருந்து. கொரியக் கடையில் நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஏழெட்டு வகை வந்து உட்காரும். காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். மகள் இதற்கே குதிப்பாள். ஆனால் கிம்ச்சியில், அதாவது காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸில், உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ போட்டு ஊறவைப்பதுதான் வழக்கம். வீட்டுக்காரரும் மாமியாரும் அந்தக் கிண்ணத்தைத் தொடக் கூடாது. மகள் ஆசைப்படுகிற தொப்போக்கி, சிவப்புக் காரச் சாற்றில் வருகிற அரிசிமாவுத் துண்டு, அதன் சாறு வழக்கமாக நெத்திலியில் இறக்கியது. அவளும் நீங்களும் சாப்பிடலாம். மாமியாருக்குக் கல் சட்டியில் வருகிற பிபிம்பாப், முட்டையும் கறியும் இல்லாமல். சோற்றின்மேல் காய்கறிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். ஆனால் கொரியாவில் பூண்டு இல்லாத கிண்ணம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அன்று அவருக்கு வயிறு நிறையாது என்று வைத்துக்கொண்டு அறையில் பழம் வாங்கி வையுங்கள்.

மேசையிலேயே கறி சுடுகிற கடை என்றால் ஒரு வகையை இரண்டு பேர் அளவுக்குக் குறையாமல் தரமாட்டார்கள் பல இடத்தில். உங்களில் கறி தின்பவர் குறைவு. அதைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

கடைசியாக, என் சொந்தச் சூடு. கண்ணாடித் தொட்டியில் மீன் நீந்துகிற கடையில், மெனுவில் விலைக்குப் பதில் 'அன்றைய விலை' என்று போட்டிருந்தால், மீனைக் கைகாட்டுவதற்கு முன்னால் எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. பெரிய மீனாகப் பார்த்துக் காட்டினேன். அந்த மாதம் மிச்ச நாளெல்லாம் வீட்டில் ரசம்தான்.

பித்தளைத்தவலை:

போய்விட்டு வந்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் சீனச் சைவக் கடை. மாமியார் மெனுவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், ஏனென்றால் அதில் வாத்து, மீன், கோழி எல்லாம் இருந்தது. கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்ததாம். பரிமாறிய பெரியவர் இரண்டு தடவை வந்து சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். மகள் வேண்டுமென்றே அந்த மீனைச் சொன்னாள். வந்தது. முழு மீன் வடிவம், தோலுக்குக் கடற்பாசித் தாள், கீழே ஓரத்தில் செதில் மாதிரி கத்தியால் கீறல். மாமியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு செய்தவர்கள் முள்ளை மட்டும் ஏன் விட்டார்கள்?" என்றார். தொடவில்லை. பக்கத்திலிருந்த காளானும் தாமரைக்கிழங்கும் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மாமனார்தான் அந்த மீனை முடித்தார், "மீனைவிடப் பரவாயில்லை" என்று.

அட்டை பலித்தது. சிச்சுவான் கடையில் சமையல்காரர் அட்டையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, மெனுவில் நாலு வரியை விரலால் அடித்தார். கொரியக் கடையில் முடியாது என்றார்கள். எழுந்து வந்தோம், மகள் முகம் தொங்கிப்போயிற்று. மூன்றாவது கடையில்தான் சரி என்றார்கள். அங்கே மகன் முளைவிட்ட சோயாப் பயறைக் கண்டுபிடித்தான். வெள்ளை. நாலு கிண்ணம். நாலாவதைப் பரிமாறிய அம்மாவே நாங்கள் கேட்காமல் கொண்டுவந்து வைத்தார்.

பழம் வாங்கி வைக்கச் சொன்னீர்களே அண்ணா, அது சரியாகப் போயிற்று.

ஒரு சந்தேகம். மாமனார் வரும்போது அந்தச் சிச்சுவான் மிளகு ஒரு பொட்டலம் வாங்கிவந்துவிட்டார். பொடித்துக் கோழியில் போட்டால் மணல் மணலாகக் கடிபடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஓரமேசை:

ஏமாற்றவில்லை. உள்ளே பளபளவென்று கறுப்பு விதை இருக்கும், அதுதான் கடிபடுவது. முறத்தில் போட்டு விதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மேல்தோலை மட்டும் வெறும் சட்டியில் வாசனை வருகிறவரை வறுத்துப் பொடிக்கச் சொல்லுங்கள்.